அனுமதிக்காகக் காத்திருக்கிறது

'எதிர்முனையின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்ற வரி திரையில் வந்து நின்றது. கூடவே ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றது.

'நேரம் முடிந்தது.'

மறுபடியும் அழுத்தினாள்.

ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், மாடி வீட்டில் தனியாக இருக்கும் அப்பாவின் கணினியில் இந்நேரம் ஒரு பெட்டி எழும்பியிருக்கும். உங்கள் மகள் உள்ளே வர விரும்புகிறார், விடலாமா என்று கேட்கும். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அதே வாசகத்தைப் புதிதாகப் படிப்பதுபோல் படித்துவிட்டு, 'சரி' என்பதை அழுத்துவார். தினமும் அவள் அலுவலகம் வந்ததும் நடப்பது இதுதான்.

இன்று அழுத்தவில்லை.

போன் அடித்துப் பார்த்தாள். அதில் பயனில்லை என்று அவளுக்கே தெரியும். அப்பாவுக்குக் காது அறவே கேட்பதில்லை; வாங்கிக் கொடுத்த கருவி அலமாரியில் தூங்குகிறது. கீழ் வீட்டுக்காரர்களும் வெளியூர் போயிருந்தார்கள்.

"நான் சொன்னதைப் போட்டிருந்தா இந்த அவஸ்தையே இல்லக்கா," என்றான் வயர். அலுவலகக் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்பவன். எப்போதும் கழுத்தில் ஒரு கேபிளை மாலையாகப் போட்டுத் திரிவதால் அந்தப் பெயர். "அது யாரையும் கேக்காது. நேரா உள்ள போயிடலாம்."

உண்மைதான். தூரத்திலிருந்தே அப்பாவின் கணினிக்குள் நுழைய எந்த மென்பொருளைப் போடுவது என்று அவள் அலைந்த நாட்களில் அவன் தலைபாடாக அடித்துக்கொண்டான். அவன் காட்டியதில் கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் கதவு திறந்தே கிடக்கும். இன்னொன்றில் படம் அங்கேயே உட்கார்ந்து பார்ப்பதுபோல் பளிச்சென்று தெரிந்தது. டெர்மினலே போதும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி, எங்கெங்கோ இருக்கும் சர்வர்களை மேய்ப்பதுதானே அவள் பிழைப்பு. ஒவ்வொன்றாக நிறுவினாள், நீக்கினாள், அப்பாவின் பொறுமையைச் சோதித்தாள்.

கடைசியில் இருப்பதிலேயே மட்டமானதைத் தேர்ந்தெடுத்தாள். ஆமை வேகம். ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவர் கை வைத்தால்தான் திறக்கும்.

ஏன் என்று வயர் அன்றைக்கே கேட்டான். அவள் அதை நிறுவுவதிலேயே கண்ணாக இருந்தாள்.

'நேரம் முடிந்தது.'

டெர்மினலைத் திறந்தாள். அதை மட்டும் அப்பாவின் கணினியிலிருந்து நீக்காமல் விட்டிருந்தாள். கூப்பிட்டதும் கணினி பதில் கொடுத்தது. எப்போதிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்கும் கட்டளையைத் தட்டினாள்.

நேற்று காலையிலிருந்து.

அவள் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றன. அறையை விட்டு எழுந்தாலே மின்விசிறியை நிறுத்துகிற மனிதர். கணினியை அணைத்து, சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்து, திரையில் கை வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.

இரவெல்லாம் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நேற்றுதான் சண்டை. கட்டடங்களுக்குப் படம் வரைந்து ஓய்வு பெற்றவர், இப்போது யாரும் கேட்காத வீடுகளுக்குப் படம் வரைகிறார். அந்தப் படங்களையெல்லாம் திரை முழுக்க இறைத்து வைத்திருந்தார். பார்க்கச் சகிக்காமல் அவள் எல்லாவற்றையும் அள்ளி ஒரே கோப்புறைக்குள் போட்டாள். கையோடு போன் வந்தது. போனில் அவர் பேசுவார். இவள் பேசுவது அவருக்குக் கேட்காது.

"என் மேசைல உங்கம்மாவே கை வெச்சதில்ல! எது எங்க கிடக்குன்னு எனக்குத் தெரியும். அடுக்கி வெக்க நீ யாரு?"

கத்திய கத்தலில் அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் போனில் இருந்தது. பிறகு வைத்துவிட்டார்.

மாத்திரை போட்டிருப்பாரா?

ரயிலா பஸ்ஸா, எது முதலில் கிளம்பும் என்று தேடினாள். பாதியில் விட்டாள். மறுபடி அழுத்தினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினாள். மேலாளர் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். தலையை ஆட்டி வைத்தாள். ஜன்னல் வரை போனாள், பாதியில் திரும்பினாள், வழியில் இருந்த நாற்காலியில் முட்டியை இடித்துக்கொண்டாள்.

'நேரம் முடிந்தது.'

வயர் கழுத்துக் கேபிளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றான்.

கடைசியாக ஒரு தடவை. அப்புறம் கிளம்பிவிட வேண்டியதுதான். அழுத்தினாள்.

வட்டம் சுற்றியது. பாதிச் சுற்றில் நின்றது.

'எதிர்முனையில் இருப்பவர் உங்கள் கோரிக்கையை மறுத்துவிட்டார்.'

அவள் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வயருக்குப் புரியவில்லை.

"என்னக்கா, உள்ள விடலையா?"

"விடல," என்றாள். "அப்பா முடியாதுன்னுட்டாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அழுத்தினாள்.

இந்த முறை மறுப்பு உடனே வந்தது.