டப்பாவுக்கு ஒரு மைக்

கும்பியா ஆட்டப் பாட்டுகளில் ஓர்ஃபெலிண்டாவின் கிடார் கேள்வி கேட்கும், கணவன் நில்சனின் கிடார் பதில் சொல்லும், எப்போதும் அரைத் தாளம் பிந்தி. அவனுக்கு வியர்வை ஊற்றும். பாட்டுக்குப் பாட்டு அவள்தான் துடைத்துவிடுவாள்.

அவன் இறந்துபோனபின் அவனுடைய எலெக்ட்ரிக் கிடாரை அவள் வாசித்தாள். கம்பிகளைத் தாங்கும் சேடில்கள் அவன் வியர்வையில் துருவேறி, கம்பிகளை அறுத்துக்கொண்டே இருந்தன. சான் ஹுவான் திருவிழாவன்று மதியம் அவற்றைக் கழற்றிப் பால் டப்பாவில் போட்டுவிட்டு, புதுப் பித்தளைச் சேடில்களை மாட்டினாள். வாசித்துப் பார்த்தாள். கணீரென்றிருந்தது.

டப்பாவிலிருந்து பதில் வந்தது. அரைத் தாளம் பிந்தி.

டிரம் வாசிக்கும் நாத்தனார் சொராய்டா குச்சியை நழுவவிட்டாள். "அண்ணி, அண்ணன்தானே அது?"

"வேற யாரு? செத்தும் லேட்டாத்தான் வர்றாரு பாரு உங்கண்ணன்!" ஓர்ஃபெலிண்டா வயிறு குலுங்கச் சிரித்தாள்.

இரவு மேடையில் இரண்டாவது மைக்கை டப்பாவின் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தார்கள். புக்கால்பா ஊரே ஆடித் தீர்த்தது.

முதல் பாட்டு முடிந்ததும் அவள் டப்பாவைத் திறந்தாள். சேடில்கள் ஆறும் வியர்த்திருந்தன. தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.