இரண்டாம் மேசையின் 4.2

மோட்டாரைச் சோதிக்கும் இரண்டு மேசைக்கும் திரையில் ஒரே எண். 4.2 கிலோ பிரஷர். அதுதான் கனிஷ்காவுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மோட்டார்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"பாத்தீங்களாங்க சம்பந்தி? உங்க மோட்டாரும் பாசுங்க. கோளாறு உங்க கெணத்துலதானுங்க" என்றார் திருமூர்த்தி. கணபதி என்கிற ஊரில் பம்பு செய்யும் அந்தப் பட்டறை அவருடையது.

மாப்பிள்ளையின் அப்பா வேங்கடசாமி, இங்கே வாங்கிய, தண்ணீர் ஏற்றாத மோட்டாரைத் தாராபுரத்திலிருந்து வேனில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதுதான் இரண்டாம் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றைக் குறை சொல்கிற வீட்டில் பெண் எடுக்க வேண்டுமா என்று காலையில் போனிலேயே கேட்டுவிட்டார். தை மாதக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வேறு அடித்தாயிற்று.

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நிரூபிக்கத்தான் கனிஷ்காவை வரச் சொல்லியிருந்தார்கள். மோட்டாரின் அளவுகளைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கார்டுகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை.

இரண்டு பெரிய மனிதர்களும் அவள் ஸ்க்ரூடிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கார்டிலிருந்து முதல் மேசையின் வயரைக் கழற்றினாள். அந்த இடத்தின் இரண்டு முனைகளையும் துண்டு வயரால் இணைத்தாள். முதல் எண் பூஜ்யமானது. ஆக வேண்டியதுதான்.

இரண்டாவது எண்ணும் கூடவே பூஜ்யமானது. அது ஆகக்கூடாது. அந்த மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் மேசையின் வயரை லேசாகத் தொட்டாள். கையோடு வந்துவிட்டது.

அந்த வயரைப் பிடிக்க வேண்டிய ஸ்க்ரூவின் தலையில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஆயுத பூசைக்கு இந்தக் கார்டை மட்டும் திருமூர்த்தி வேறு யாரையும் தொட விடமாட்டார். தானே கழற்றித் துடைத்து, தானே மாட்டிப் பொட்டும் வைப்பார். இந்த வருடம் பொட்டு வைத்தவர் ஸ்க்ரூவை முடுக்க மறந்திருந்தார்.

சும்மா விட்டிருந்தால் திருமூர்த்திக்குத் தலைகுனிவில்லை. ஆனால் பொய்யான எண்ணைப் பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியாது.

"இந்த மேசைக்கு வயரே இல்லைங்க. பக்கத்து மேசையைப் பாத்து எழுதியிருக்குதுங்க. பூசைக்கு அப்புறம் இதுல ஏறுன மோட்டாரையெல்லாம் மறுபடி பாக்கோணுங்க."

வயரைச் செருகி ஸ்க்ரூவை முடுக்கினாள். 2.6 என்றது திரை. "தாராபுரத்துக் கெணத்து மேல தப்பில்லைங்க. கோளாறு மோட்டாருலதானுங்க" என்றாள்.

திருமூர்த்தி அந்தப் பொட்டைப் பார்த்தார். பிறகு தன் மோதிர விரலைப் பார்த்தார்.

வேங்கடசாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். கிளம்பப் போகிறார் என்று கனிஷ்கா நினைத்தாள்.

அவர் நேராக அவளிடம் வந்தார்.

"அம்மணி, தையில நம்ம ஊட்டுக்கு வாரப்ப அந்த ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துட்டு வா, கண்ணு. அங்க நானும் இந்த ரெண்டாம் மேசையாட்டந்தான், உன்ற மாமியா சொல்றதத்தான் சொல்லிட்டிருக்கறேன்."

அவள் அப்பா திருமூர்த்திதான் முதலில் சிரித்தார்.

கனிஷ்கா தலையை நிமிர்த்தவில்லை. முடுக்கிய ஸ்க்ரூவையே இன்னொரு தடவை முடுக்கினாள்.