சேனல் மாற்றுகிறவள்

"பெட்டியில ஒரு கோளாறும் இல்ல சார். ஜம்முனு இருக்கு."

"அப்புறம் ஏன் தம்பி சேனல் மாறமாட்டேங்குது?"

"இந்தாங்க ரிமோட். அமுக்கிப் பாருங்க, மாறும்."

"நான் அமுக்கினா மாறும்னு எனக்குத் தெரியாதா? அதுவா மாறணும். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

மெக்கானிக் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பெரியவரை ஏற இறங்கப் பார்த்தான். டிவி தானாக மாறுகிறது என்று புலம்பிக் கூப்பிட்டவர்கள் உண்டு. மாறவில்லை என்று கூப்பிட்ட முதல் ஆள் இவர்தான். பார்த்தால் புத்தி பேதலித்தவராகவும் தெரியவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வீட்டுக்குள்ளும் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க சார்."

"இதை மாட்டினது என் பொண்ணு. வெளிநாட்டுல வேலை கிடைச்சுப் போறப்ப, நம்ம வீட்டு டிவியை அங்கேருந்தே பார்க்கணும்னு மாட்டிட்டுப் போனா. மாடி ஆன்டெனாவுல வர்றது இந்தப் பெட்டிக்குள்ள போய், இங்க டிவிக்கும் வரும், இன்டர்நெட்ல அவ போனுக்கும் போகும்."

மெக்கானிக்குக்கு விளங்கிவிட்டது. பழைய மாடல். உள்ளே சேனல் பிடிக்கிற கருவி ஒன்றே ஒன்று. எத்தனை பேர் எங்கிருந்து பார்த்தாலும் எல்லோருக்கும் ஒரே சேனல்தான். அங்கே அவள் மாற்றினால் இங்கே ஹாலிலும் மாறும்.

"இதுக்கா சார் இவ்வளவு? பொண்ணுக்கு ஒரு போன் போட்டு, பார்க்க முடியுதாம்மான்னு கேட்டா முடிஞ்சுது."

"பேச்சுவார்த்தை கிடையாது."

ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"அங்க ஒருத்தனைப் பார்த்துக் கட்டிக்கிட்டா. எனக்கு மூக்குக்கு மேல கோபம். இந்த வாசப்படியை மிதிக்காதேன்னு சொல்லிட்டேன். அவளும் என் பொண்ணுதானே, மிதிக்கவே இல்ல."

"ஐயோ..."

"கொஞ்ச நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் நியூஸ் பார்த்துட்டிருக்கேன். படக்குனு பாட்டு சேனலுக்கு மாறிடுச்சு. நான் நியூஸுக்கு மாத்தினேன். திரும்பப் பாட்டு. மறுபடி நியூஸ். மறுபடி பாட்டு. சின்ன வயசுல ரிமோட்டுக்கு எங்கிட்ட மல்லுக்கட்டுவாளே, அதே பிடிவாதம்! அப்பதான் புரிஞ்சுது, என் மக பேசாட்டியும் பார்த்துட்டுத்தான் இருக்கான்னு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, தினமும் சாயங்காலம் இதே கூத்துதான். என் சம்சாரம் சமையல்கட்டுல நின்னுக்கிட்டுச் சிரிப்பா. 'இன்னிக்கும் தோத்துட்டீங்களா வாத்தியாரே'ன்னு கேட்பா. தோக்கறதுக்காகவே விளையாடறேன்னு அவகிட்ட நான் சொன்னதில்ல."

கோபக்கார மனுஷன் பாசத்தைக் காட்டுவதற்கு ஒரு ரிமோட்டாவது கிடைத்ததே என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான்.

"எப்போலேருந்து சார் மாறல?"

"சம்சாரம் தவறினதுலேருந்து. துக்கத்துக்கு வந்த கூட்டத்துல எவனோ ஒயர்ல கால் தடுக்கி இழுத்துவிட்டிருப்பான்."

மெக்கானிக் சட்டென்று எழுந்து நின்றான். "தெரியாது சார். மன்னிச்சுக்குங்க. பொண்ணுக்கு விஷயம்..."

"சொந்தக்காரங்க மூலமா சொல்லி அனுப்பினேன். வரல. வரவேணாம்ப்பா. அந்தச் சேனல் மாறினாப் போதும். எங்கேயோ நல்லா இருக்கான்னு தெரிஞ்சாப் போதும். அவ அம்மாவுக்கு அப்புறம் எனக்குன்னு வேற யாரு இருக்கா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

மெக்கானிக் மறுபடி ஒவ்வொரு ஒயராகப் பிடித்துப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாக இருந்தன. இன்டர்நெட்டும் ஒழுங்காக இருந்தது.

"வெளியில போகுதான்னு பார்க்கணும்னா ஒரு போன்ல இந்தப் பெட்டியோட ஆப்பை ஏத்திப் பார்க்கணும் சார். என்னுது கம்பெனி போன், எதையும் ஏத்தவிடாது. உங்ககிட்ட இருக்கா?"

"என்னுது பட்டன் போன். சம்சாரத்தோடது சமையல்கட்டு அலமாரியில கிடக்கு. சார்ஜ் செத்துப்போயிருக்கும். அதுல பேசறதைத் தவிர அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"நான் பார்த்துக்கறேன் சார். நீங்க உட்காருங்க."

சமையல்கட்டில் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தன. அடுப்புக்குப் பக்கத்தில் சார்ஜர் தொங்கியது. சொருகினான். போனுக்கு உயிர் வந்தது. ஆப்பை ஏற்றலாம் என்று தேடினால், அது ஏற்கெனவே அதில் இருந்தது. தொட்டதும் பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் திறந்துகொண்டது. வரிசையாகச் சேனல்கள். முதலில் இருந்த பாட்டு சேனலைத் தொட்டான்.

ஹாலில் ஓடிக்கொண்டிருந்த நியூஸ் பாதியில் நின்று, பாட்டு கேட்டது.

"தம்பி! மாறிடுச்சு! வந்துட்டாப்பா, என் பொண்ணு வந்துட்டா!" பெரியவர் குரல் உடைந்து அழுதது. "இரு, இரு. நியூஸுக்கு மாத்தறேன். அவதானான்னு பார்த்துடலாம்."

பாட்டு நின்றது. நியூஸ் வந்தது.

"மாத்தும்மா... அப்பா தோத்துப்போறேன், மாத்தும்மா..."

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இத்தனை வருஷம் அந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்று, அதே போனில் பாட்டு சேனலைத் தொட்டான்.