கீறல் விழுந்த பைக்

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவன், முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டபடியே பொரிந்து தள்ளினான்.

"விழுந்த வண்டியை என் தலையில கட்டப் பாக்குறீங்களே சார்! வலது பக்கம் பாருங்க, எவ்வளவு பெரிய கீறல்! விலையைக் குறைங்க."

விற்பவருக்கு முகம் சுண்டிப்போனது. "சத்தியமா எனக்குத் தெரியாது தம்பி." வாசலில் நின்ற மனைவியிடம் திரும்பினார். "ஓட்டிப் பழகுறப்ப கீழ போட்டியா?"

அவள் தலைகுனிந்தாள். "போட்டேங்க. திட்டுவீங்கன்னு சொல்லல."

அவனுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஆனா நான் போட்டது இடது பக்கம்" என்றவள், உள்ளே போய்த் தண்ணீரோடு வந்து அவனிடம் நீட்டினாள்.

"வண்டியை விடுங்க தம்பி. முதல்ல அந்த வலது முழங்கையைக் கழுவுங்க, சட்டையெல்லாம் ரத்தம்."