பவுனம்மாவின் பூஜ்யம்

அன்று மதியம் நாமக்கல் பைபாஸ் சங்க அறையில் இருந்தவர்கள்: பாலியல் தொழிலாளர் சங்கத் தலைவி பவுனம்மா, ஜெஸிந்தா, திருநங்கை அமிர்தா, பிறகு வாரந்தோறும் ஒவ்வொருவரின் எச்.ஐ.வி. ஆபத்துக்கும் எண் போடும் சுவர்க்கருவி.

எண் இறங்கினால் கைதட்டுவது பவுனம்மா கொண்டுவந்த வழக்கம். அன்று அவளுக்கே பூஜ்யம் வந்தது. மற்ற இருவரும் கைதட்டினார்கள்.

"வாழ்த்துகள். இந்த இடம் ஆபத்தில் உள்ளவர்களுக்கு மட்டுமே. தயவுசெய்து வெளியேறவும்" என்றது கருவி.

கைதட்டல் பாதியில் நின்றது.

"நான் தலைவி, என்னையே வெளிய போங்கறயா?"

"ஆணுறை இல்லாம ஒரே ஒரு ராத்திரி போயிட்டு வாக்கா, எண்ணு ஏறிக்கும்" என்ற ஜெஸிந்தா, சொன்ன வாயைப் பொத்திக்கொண்டாள்.

பவுனம்மாவுக்குக் கோபம் வரவில்லை. ஒரு கணம் அதை யோசித்தே பார்த்தாள். பகலில் பயமில்லாமல் படுத்துத் தூங்க இந்த அறையை விட்டால் அவளுக்கு வேறு இடம் கிடையாது. ஆனால் இப்படி ஒரு பேச்சு எழக்கூடாது என்றுதானே இத்தனை வருடம் ஆணுறை கொடுத்துக்கொண்டு லாரிப்பேட்டை முழுக்க அலைந்தாள்?

"அப்ப நானும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைய ஒழுங்காப் போட்டா, என்னையும் வெளிய தள்ளிப்போடுமாக்கா?" என்றாள் அமிர்தா.

பவுனம்மா எழுந்து அமிர்தாவின் தோளைத் தொட்டாள்.

"நீ போடு புள்ள" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது.