பழைய நீச்சல்குளம்

மன நிம்மதி ஓர் இரவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் என்று போர்டு வைத்திருந்தார் விடுதி முதலாளி. ஆனால் கடன் வாங்கிப் புது நீச்சல்குளம் கட்டிய நாளிலிருந்து அறைகள் காலி, அவருடைய நிம்மதியும் காலி.

மச்சினன் கைபேசியில் விமர்சனங்களைப் படித்தான். "'பழைய குளம் சொர்க்கம். இது வெறும் தொட்டி.' ஒரே ஒரு ஸ்டார், அத்தான்."

"அடுத்தது?"

"'பழைய குளத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். பாவிங்க, இடிச்சுட்டாங்க!'"

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "எதைடா இடிச்சேன்? குளமே இல்லாத விடுதிக்கு 'குளம் பிரமாதம்'னு அன்னிக்கு எழுதினது நீ! அந்தப் பொய்யை உண்மையாக்கத்தானே இவ்வளவு கடன்!"

"சத்தியமா நான் ஒண்ணுதான் எழுதினேன், அத்தான். மீதி முந்நூத்திப் பதினொண்ணும், தங்கிட்டுப் போனவங்களே 'ஆசைதீர நீந்தினோம்'னு எழுதினது."