பதிவில் இல்லாத மகள்

அந்த வார்டில் யாருக்குப் புத்தி தடுமாறுகிறது என்பதைக் கட்டில்தான் சொல்லும். நோயாளியின் பேச்சை அது கேட்டுக்கொண்டே இருக்கும்; ஆஸ்பத்திரிப் பதிவேட்டோடு பொருந்தாவிட்டால் அதன் சிவப்பு விளக்கு எரியும். நர்ஸ் தூக்க ஊசி போட வேண்டும்.

நிமோனியாவில் கிடந்த அருளப்பன் இரண்டு நாளாக மகளைக் கேட்டார். பதிவேட்டில் இருந்தது ஒரு மகன் மட்டுமே. கேட்கும்போதெல்லாம் விளக்கு எரிந்தது.

இந்த முறை ஊசியோடு வந்த நர்ஸ் தமயந்திக்கு மனம் ஒப்பவில்லை. “ஐயா, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லுங்க.”

“சனி, வெள்ளி, வியாழன்...” ஞாயிறு வரை பிசகாமல் சொன்னார்.

“மக பேரு?”

“ஜெசிந்தா. வீட்டுக்குத் தெரியாத பொண்ணும்மா. வர்றேன்னு சொன்னா.”

தமயந்தி ஊசியை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். பதிவில் பெயரில்லை என்று காவலாளி உள்ளே விடாத ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“ஜெசிந்தாவா?”

அவள் பதறி எழுந்தாள். “அப்பா இருக்காரா?”

“தெளிவா இருக்காரு. வாங்க.”